திறக்கும் தேதி தெரியாத எல்லை

கேரளத்துப் பாறசாலையில் பேருந்து ஏறினால் தமிழகத்துக் களியக்காவிளைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தின் பக்கம் நின்றது. அந்த எல்லைக்கோட்டை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பெண் கொடுத்தது அந்தப் பக்கம், சந்தைக்குப் போவது இந்தப் பக்கம், கோயிலும் சர்ச்சும் இரண்டு பக்கமும். 2020 மார்ச் கடைசியில், கொரோனா ஊரடங்கு வந்தபோதுதான் அது நிஜமான எல்லையாயிற்று.

ஊரடங்கு மனதை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டால், பலரும் 'தனிமை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் கடலோரக் கிராமங்களுக்கு அந்தப் பதில் போதாது. அங்கே தனியாக இருக்க நினைத்தாலும் இடம் கிடைக்காது. எப்போது முடியும் என்று தெரியாமல் காத்திருந்ததுதான் ஆட்களை அரித்தது.

முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு நீட்டித்துக்கொண்டே போனார்கள். மே மாதம் எல்லையின் இஞ்சிவிளை சோதனைச்சாவடி திறந்தது, பாஸ் வைத்திருந்தவர்களுக்கு மட்டும். ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று கேரளத்தின் அப்போதைய முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். புல்லுவிளை நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கும் மீனவர் ஊர். மறுநாள் முதல் இடவா தொடங்கி எல்லையோரப் பொழியூர் வரை கடற்கரை முழுவதும் அடைபட்டது. 2021 ஆகஸ்டில், கேரளத்திலிருந்து வருபவர்களிடம் ஆர்.டி.பி.சி.ஆர். சான்றோ இரண்டு தவணை ஊசியோ வேண்டும் என்றது தமிழகம். இரு மாநிலங்களுக்கும் இடையே பேருந்துகள் மறுபடி ஓடியது அந்த ஆண்டு டிசம்பரில்தான். அக்கா வீட்டுக்குப் போகவும் இரண்டு அரசுகளின் உத்தரவுகளைப் படித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருந்தது.

ஆபத்து என்றால் உடல் கார்ட்டிசோல் சுரந்து விழித்துக்கொள்கிறது. ஆபத்து கடந்தால் அடங்குகிறது. முடிவே தெரியாதபோது அந்த விழிப்பு அடங்குவதில்லை. தூக்கம் கெடும், தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வரும், போகப்போக எதிலும் பிடிப்பு இல்லாமல் போகும்.

இளையவர்களுக்கு இது இன்னும் கடுமை. பதினைந்து வயதில் ஒருவருக்குத் தன்னைப் பற்றிய மதிப்பு பெரும்பாலும் கூட்டாளிகளிடமிருந்துதான் கிடைக்கிறது. முகம் வாடியிருப்பதைக் கண்டுபிடிக்கும் ஆசிரியர், மதியச் சோறு, வீட்டுச் சண்டையிலிருந்து சில மணி நேர விடுதலை எல்லாமே பள்ளிக்கூடத்தில்தான் இருந்தன. பள்ளி மூடிக் கிடக்க, கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் கல்விச் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின, டி.வி.யோ போனோ இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது புதிய அவமானமாயிற்று. ஊரடங்கு தொடங்கியதிலிருந்து மாநிலத்தில் 18 வயதுக்குட்பட்ட 66 பேர் தற்கொலை செய்துகொண்டதாக ஜூலையில் முதல்வரே சொன்னார். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒற்றைக் காரணம் தேடுவது தவறு. ஊரடங்கின் மேல் மட்டும் பழி போடுவதும் அப்படித்தான். ஆனாலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் நாடு முழுவதும் மாணவர் தற்கொலைகள் 2019-இல் 10,335, 2020-இல் 12,526. பல நாடுகளில் நடந்த 29 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான கட்டுரை ஒன்று, குழந்தைகளிலும் வளரிளம் பருவத்தினரிலும் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும் ஐந்தில் ஒருவருக்குப் பதற்ற அறிகுறிகளும் இருந்ததாகச் சொல்கிறது.

குடிக்கு அடிமையானவர்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை. கேரளத்தில் மதுக்கடைகள் திடீரென மூடப்பட்டதும் உயிரிழப்புச் செய்திகள் வரத் தொடங்கின. மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவிட்டது. மருத்துவர் சங்கம் எதிர்க்க, ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. தடை சரியே. ஆனால் குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கமும் வலிப்பும் சிகிச்சை தேவைப்படும் நோய் என்பதை நினைவில் வைத்து, கடையைப் பூட்டுமுன் மருத்துவமனைகளைத் தயார் செய்திருக்க வேண்டும். முதியவர்களை 'ரிவர்ஸ் குவாரண்டைன்' என்று வீட்டுக்குள் வைத்தார்கள். உயிர் காத்த ஏற்பாடுதான், பேச்சுத்துணையைப் பறித்ததும் அதுவே. அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் 'பட்ஸ்' பள்ளிகளும் மூடியதால், அம்மாக்களுக்கு நாள் முழுவதும் ஓய்வே இல்லை.

கேரளம் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு' (தனியாக இல்லை, கூடவே இருக்கிறோம்) திட்டத்தில் ஆலோசகர்கள், அழைப்புக்குக் காத்திராமல், தனிமைப்படுத்தப்பட்டவர்களைத் தாங்களே போனில் கூப்பிட்டார்கள். மனம் சோர்ந்தவரால் பெரும்பாலும் போனை எடுத்து எண்ணை அழுத்த முடியாது என்பதால் இந்த முறைக்குத் தனி மதிப்பு உண்டு. பிள்ளைகளுக்காகக் காவல்துறை 'சிரி' என்ற உதவி எண்ணைத் தொடங்கியது. மாணவர் காவல் படையினரும் அதில் சேர்ந்தார்கள்.

மன உதவிக்கு அழைக்க அப்போதிருந்த எண்கள் மாநிலத்துக்கு ஒன்று: கேரளத்தில் 1056, தமிழகத்தில் 104. 2022 அக்டோபரில் வந்த டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416 நாடு முழுவதற்கும் பொது. பாறசாலையிலிருந்தோ களியக்காவிளையிலிருந்தோ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.