ரேம் பட்டையின் லேபிளைப் படிப்போம்

“எட்டு ஜிபி ரேம் கொடுங்க” என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தால், அது நம் கணினியில் பொருந்தாமலே போகலாம். கொள்ளளவு ரேமின் ஒரு குணம்தான். மற்ற குணங்களும் பட்டையில் ஒட்டிய சின்ன லேபிளிலேயே அச்சாகியிருக்கின்றன. உதாரணத்துக்கு ஒன்று: 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ.

8ஜிபி என்றால் 6,800 கோடிக்கும் அதிகமான நினைவறைகள். ஓர் அறைக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மின்தேக்கியில் ஏற்றிய மின்னூட்டம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போல ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிநொடிக்குள் எல்லா அறைகளையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதியாக வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துவிடும்.

அடுத்தது ‘1ஆர்எக்ஸ்8’. பட்டையில் ஒரே வரிசைச் சில்லுகள். ஒவ்வொன்றும் 8 பிட் தரும். எட்டுச் சில்லுகள் சேர்ந்து 64 பிட். சர்வர்களுக்கான டிடிஆர்4 பட்டையில் இதே அமைப்பில் ஒன்பதாவது சில்லு ஒன்று இருக்கும். ஒரு பிட் பிழையானாலும் கண்டுபிடித்துத் திருத்த அது உதவுகிறது.

‘பிசி4’ என்பது டிடிஆர்4 தலைமுறையைக் குறிக்கும். மேசைக்கணினிக்கான டிடிஆர்3க்கு 240 பின்கள், 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 288 பின்கள், 1.2 வோல்ட். டிடிஆர்5க்கும் 288 பின்கள்தான், ஆனால் 1.1 வோல்ட். பின் எண்ணிக்கை ஒன்றே என்றாலும் மாற்றிச் செருக முடியாது. கீழ்விளிம்பில் உள்ள வெட்டு தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறியிருக்கும். மடிக்கணினிக்கு எஸ்ஓ-டிம் என்ற குட்டைப் பட்டை. டிடிஆர்4இல் அதற்கு 260 பின்கள்.

கடைசிப் பகுதிதான் சுவையானது. 3200 என்றால் நொடிக்கு 320 கோடி முறை தரவு நகரும். ஒருமுறைக்கு 8 பைட். ஆக, நொடிக்கு 25.6 ஜிபி. ‘ஏஏ’ என்பது தாமதம்: கேட்ட தரவின் முதல் துளி வர 22 கடிகாரச் சுற்றுகள், அதாவது 13.75 நானோநொடி. பழைய டிடிஆர்3-1600 பட்டைக்கு 11 சுற்றுகளே போதும். ஆனால் அதன் ஒரு சுற்று இரண்டு மடங்கு நீளம். கணக்குப் போட்டால் அதே 13.75!

தரவு ஓடும் வேகம் இரட்டிப்பானது, காத்திருப்பு குறையவில்லை. மின்தேக்கியின் மெல்லிய மின்னூட்டத்தை உணர்ந்து படிக்க ஆகும் நேரத்தைச் சுருக்குவது அத்தனை கடினம்.

காத்திருப்பைக் குறைக்க முடியாவிட்டாலும், தரவு ஓடும் தடங்களைக் கூட்டலாம். 16ஜிபி வேண்டுவோர் ஒரே பட்டைக்குப் பதில் இரண்டு 8ஜிபி பட்டைகள் வாங்கி, மதர்போர்டு கையேடு காட்டும் இரு ஸ்லாட்களில் செருகலாம். அப்போது ரேமுக்கான இரு தடங்களிலும் தரவு ஓடும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் விளையாடும்போது இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.