‘டியர் சாரை’ விரட்டிய மூணு வரி

உஷ்! சத்தம் போடாமல் பின்னாலேயே வாங்க. காலை ஏழு மணி, அன்னூர் பஸ் ஸ்டாண்டு. “சரவணம்பட்டி, கணபதி, காந்திபுரேய்ய்” என்று கண்டக்டர் கூவ, அதோ ஓடுகிறாளே, அவள் என் சித்தி மகள். முதுகில் லேப்டாப் பை, கையில் தக்காளி சாதம், கழுத்தில்... ஆமாம், பார்த்துவிட்டீர்களா? ஐடி கார்டு! ஆபீஸ் வாசலில் மாட்டினால் போதாதா? போதாது. வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். கோவில்பாளையத்தில் ஏறுகிறவர்களும் பார்க்க வேண்டாமா?

பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் தீபாவளி முறுக்கு எனக்கு வந்து சேராது.

2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இருந்தும் இவள் ஏறுவது, பாட்டு அலறும் பிரைவேட் பஸ்ஸில்தான். “சம்பளம் வாங்கறேனில்லக்கா!” முதல் சம்பளமே இன்னும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

தென்னந்தோப்பு முடிந்து கண்ணாடிக் கட்டடங்கள் தொடங்கும் இடம் சரவணம்பட்டி. எனக்கு அனுமதி ரிசப்ஷன் சோபா வரைக்கும்தான். உள்ளே நடந்ததெல்லாம் அவள் வாயிலிருந்து, ஒரு சொட்டு சிந்தாமல் பிடித்தது.

தினமும் பத்து மணிக்கு ‘ஸ்டாண்டப்’. எல்லோரும் நின்றபடி, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். இதில் பெரிய கண்டமே டீம் லீடைக் கூப்பிடுவதுதான். அங்கே எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லித்தான் அழைப்பார்களாம். பத்து வயது மூத்த பெண்மணியை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட அன்னூர் வாய்க்கு வருமா? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். பேரைச் சொல்லி, வால் மாதிரி ஒரு ‘ங்க’ ஒட்டிவிட்டாள். இப்போது டீமில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்!

இனிதான் சுவாரசியமே. அவளுக்கு வந்த முதல் டிக்கெட். (பஸ் டிக்கெட் இல்லை, சாஃப்ட்வேரில் சரிசெய்ய வேண்டிய ஒரு வேலைக்கு அங்கே அதுதான் பேர்.) வாடிக்கையாளர்களுக்குத் தானாகவே மெயில் அனுப்பும் நிரல் ஒன்று. மிஸ்டரா, மிசஸா என்ற கட்டம் காலியாக இருந்தால், அது யோசிக்காமல் ‘டியர் சார்’ என்று ஆரம்பிக்கும். வாங்கியவர் பாட்டியாக இருந்தாலும் சார்தான். கட்டம் காலியென்றால் பேரை மட்டும் போடு என்று மாற்ற வேண்டும். மூன்றே வரி. சுண்டைக்காய்!

மாற்றினாள். சோதனையை ஓட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு. பதினான்கு சோதனைகள் தோல்வி.

வேர்த்துக் கொட்டிவிட்டது. மூன்று வரியில் கம்பெனியையே கவிழ்த்துவிட்டோமோ? மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள். எடுத்தது சித்தப்பா. அவருக்கு நிரலும் தெரியாது, சோதனையும் தெரியாது. ஆனால் தோட்டத்து போர் மோட்டாரை, கட்டிலில் படுத்தபடியே செல்போனில் மிஸ்டு கால் கொடுத்து ஓடவிடுகிற ஆள். என்னைக் கேட்டால் அந்த வீட்டின் முதல் டெக் ஆள் அவர்தான். “ஓடலைன்னா உடனே மோட்டாரையே குத்தம் சொல்லக் கூடாது கண்ணு. கரண்ட் இருக்குதா பாரு, ஸ்டார்ட்டரப் பாரு, அதுக்குள்ள இருக்கற சிம்முல காசு இருக்குதா பாரு. ஒவ்வொண்ணா.”

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான்காவதிலேயே சிரித்துவிட்டாளாம். அவள் எழுதிய வரிகளில் தப்பே இல்லை! ‘டியர் சார் என்று வருகிறதா? வந்தால்தான் பாஸ்’ என்று அந்தச் சோதனைகளே எழுதப்பட்டிருந்தன. பிழைக்குப் பதினான்கு காவலாளிகள்.

யார் பார்த்த வேலை இது? அதைக் கண்டுபிடிக்கவும் வசதி உண்டு. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய ‘கிட்’டில், எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்று காட்டும் கட்டளைக்குப் பேரே ‘பிளேம்’. தட்டினாள். திரையில் வந்த பேர்... அந்த ‘ங்க’ ஒட்டிய டீம் லீடே! அவர் புதிதாகச் சேர்ந்த வருஷத்தில் எழுதியது.

எனக்கு உடனே அ.லலிதா ஞாபகம் வந்தது. 1919-ல் பிறந்தவர், பதினைந்தில் கல்யாணம், பதினெட்டில் கணவர் இறந்துவிட்டார், இடுப்பில் நான்கு மாதக் குழந்தை. அதற்குப் பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானவர். பக்ரா நங்கல் அணைக்கான மின்தடப் பணியில் அவர் பங்கும் உண்டு. அவருடன் படித்து முடித்த இன்னும் இரண்டு பெண்கள், பி.கே.திரேசியாவும் லீலம்மா ஜார்ஜும். இவர்களுக்குப் பட்டம் கொடுக்கும் நேரத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்: அச்சடித்த சான்றிதழில் ‘ஹி’ என்று இருக்கிறது! அதை அடித்துவிட்டு ‘ஷி’ என்று திருத்தினார்களாம். 1940-களில் கிண்டியில் பேனாவால் போட்ட அந்தத் திருத்தத்தைத்தான் நம்ம பிள்ளை சரவணம்பட்டியில் கீபோர்டால் போட்டிருக்கிறாள்.

டீம் லீட் என்ன சொன்னாராம்? அவள் மாற்றிய வரிகளுக்குக் கீழே, “குற்றவாளி சரணடைகிறேன்” என்று எழுதி ஒரு சிரிப்பு பொம்மை போட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டார். அந்தப் பதினான்கு சோதனைகளையும் திருத்தி ஓட்ட, சாயங்காலம் நாலே முக்காலுக்குத் திரை முழுக்கப் பச்சை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவள். பாட்டுச் சத்தத்தை மீறி சித்தியிடம் போனில் கத்திக்கொண்டே வந்தாள். “அம்மா, பரிசோதனைக்கு உம்பேரத்தான் போட்டுப் பார்த்தேன். சாருன்னு வரலை. உம்பேரே வந்துச்சு!”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு ஸ்பீக்கரில் சித்தியின் குரல்:

“அப்பிடியே அந்த கேஸ் மெசேஜையும் மாத்தி உட்ரு கண்ணு. புக்கு எம்பேர்லதான் இருக்குது, அவனும் சாருன்னுதான் அனுப்பறான்.”