ஆலைப் பாழிலிருந்து பசுஞ்சோலை

நிலம் உவர் பூத்தாலும் களர் பிடித்தாலும், வடிகால் வெட்டி, ஜிப்சமும் தழையுரமும் இட்டு, நன்னீர் பாய்ச்சி வடித்தால் சில ஆண்டுகளில் அதைத் திருத்திவிடலாம் என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கீலும் எண்ணெயும் ஊறிய நிலத்தை என் செய்வது? அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள சீயட்டில் நகரத்தார் இவ்வினாவுக்குக் கண்ட விடை, மண்ணோடு பழகுவோர் அனைவரும் கருத்திற் கொள்ளத்தக்கது.

ஆலையின் வரலாறு

அந்நகரில் யூனியன் ஏரியின் வடகரையில், நிலக்கரியைச் சூடேற்றி எரிவாயு எடுக்கும் ஆலையொன்று 1906-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 1937-இல் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயிலிருந்து வாயு எடுக்கலாயினர். பூமியிலிருந்து கிடைக்கும் இயற்கை வாயு குழாய் வழியே வந்து சேரவே, 1956-இல் ஆலை மூடப்பட்டது. எஞ்சியவை துருவேறிய கோபுரங்களும், கரியும் கீலும் படிந்த மண்ணுமே. 1962-இல் நகரசபையார் அவ்விடத்தை விலைக்கு வாங்கினர். ஏறக்குறைய 19 ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்திலிருந்து இரும்பையெல்லாம் பெயர்த்தெறிந்துவிட்டு, வழக்கம்போல் ஒரு பூந்தோட்டம் அமைக்க வேண்டுமென்பதே பலருடைய எண்ணமாயிருந்தது.

தோட்டக்கலை நிபுணரான ரிச்சர்டு ஹாக் என்பவர் வேறு விதமாகக் கருதினார். கோபுரங்கள் அந்நகரத்தின் உழைப்புக்குச் சாட்சியாக நிற்கட்டும். கொதிகலன் கொட்டகை மக்கள் அமர்ந்துண்ணும் மண்டபமாகட்டும். இயந்திரக் கொட்டகை சிறுவர் விளையாடும் இடமாகட்டும் என்று அவர் வாதித்தார். எதிர்ப்புப் பலமாயிருந்தும், முடிவில் அவர் கருத்தே ஏற்கப்பட்டது. 1975-இல் அவ்விடம் பொதுமக்களுக்குப் பூங்காவாகத் திறந்துவிடப்பட்டது.

மண்ணுக்குச் செய்த சிகிச்சை

நமக்கு முக்கியமானது மண்ணைத் திருத்திய முறையே. கெட்ட மண் முழுவதையும் வாரி வேறிடத்திற் கொட்டினால், நஞ்சு இடம் மாறுமேயன்றி ஒழியாது. ஆகவே, பெரும்பகுதி மண்ணை அங்கேயே வைத்து, சாக்கடைக் கசடு, மரத்தூள் முதலிய மக்கும் பொருள்களை அதிற் கலந்து ஆழ உழுதனர்.

இதன் தத்துவம் எருக்குழியின் தத்துவமே. எண்ணெயும் கீலும் கரிச்சத்து மிகுந்தவை. அவற்றை உணவாக உட்கொண்டு சிதைக்கவல்ல நுண்ணுயிர்கள் மண்ணில் உண்டு. எனினும் அவை பெருகுவதற்குத் தழைச்சத்தும், மணிச்சத்தும், ஈரமும், காற்றும் வேண்டும். கசடு சத்துக்களை அளித்தது. மரத்தூள் இறுகிய மண்ணைப் பொலபொலப்பாக்கிற்று. உழவு காற்றைப் புகவிட்டது. சில காலத்தில் புல் வேரூன்றிற்று. இடிபாடுகளைக் குவித்து, மேலே நல்ல மண் பரப்பி எழுப்பிய குன்று இன்று பசும்புல் போர்த்து நிற்கின்றது; அதன்மேல் நின்று சிறுவர் காற்றாடி விடுகின்றனர்.

முழு வெற்றியன்று

ஆயினும் புல் முளைத்ததனாலேயே மண் முற்றும் தூய்மையாயிற்று என்று எண்ணலாகாது. கீலிலுள்ள கடினமான பொருள்கள் மிக மெதுவாகவே சிதைவன. 1984-இல் நச்சுப் பொருள்கள் எஞ்சியிருப்பது தெரியவரவே, சோதனைக்காகப் பூங்கா சில மாதங்கள் மூடப்பட்டது. பின்னரும் நிலத்தடி நீரைத் துப்புரவாக்கும் வேலைகள் நடைபெற்றன. ஏரியின் அடிச்சேற்றிலும் நஞ்சு படிந்துள்ளமையால், பூங்காக் கரையில் நீரிலிறங்குவது தடுக்கப்பட்டுள்ளது.

ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரின் இரும்பு உருக்காலை 1985-இல் மூடப்பட்டபின், பீட்டர் லாட்ஸ் என்பாரின் திட்டப்படி 1994-இல் பூங்காவாயிற்று. அங்கும் உலைகள் இடிக்கப்படவில்லை. முன்பு சாக்கடையாய் ஓடிய கால்வாயின் கழிவுநீரைப் பூமிக்கடியிற் குழாய் வழியே செலுத்திவிட்டு, மேற்கால்வாயில் மழைநீரைச் சேர்த்தனர்.

நாம் கொள்ளத்தக்க படிப்பினைகள்

1. மூடிய ஆலை நிலத்தை வாங்குவோரும் புறம்போக்கிற் சேர்ப்போரும், அங்கே எந்த வேலை எத்தனை ஆண்டு எவ்விடத்தில் நடந்ததென்பதை முதியோரிடமும் கணக்குகளிலும் விசாரித்தறிய வேண்டும். கிராம அதிகாரிகள் அதைக் குறித்து வைத்தல் பின்வருவோருக்குப் பேருதவியாகும்.

2. மண்ணையும் கிணற்றுநீரையும் சோதிக்காமல் நெல்லோ, காய்கறியோ, தீவனமோ அங்கே பயிரிடலாகாது. நிழல் மரமும் புல்லுமே முதலில் ஏற்றவை. அப்புல்லையும் கால்நடைகள் மேயவிடலாகாது.

3. எண்ணெய்க் கழிவை எருவும் உழவும் நாளடைவிற் குறைக்கும். ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களோ மக்குவனவல்ல. அவற்றிற்கு எரு மட்டும் மருந்தாகாது.

4. அவ்விடத்து மண்ணை வண்டலென்று கருதி வயலுக்கு ஓட்டலாகாது.

ஐம்பது ஆண்டுகளிற் கெட்ட மண் ஐந்து ஆண்டுகளில் முற்றும் திருந்தாது. கெட்டபின் திருத்துவதினும், கழிவுநீர் வாய்க்காலை எட்டுமுன்னரே தடுத்து நிறுத்துவது எளிது, செலவும் குறைவு. அதற்கு ஊரார் அனைவரும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.