பொன் விளைந்த மண்ணும் படக்கதை வீரர்களும்

கோலார் தங்கவயலில் மரங்கள் அடர்ந்து வளராத சாம்பல்நிற மேடுகள் பல உள்ளன. அவை இயற்கையாக அமைந்த குன்றுகள் அல்ல. சுரங்கத்தில் வெட்டிய பாறையைப் பொடியாக்கிச் சயனைடு கலந்து பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண்ணே அவ்வாறு குவிந்துள்ளது. 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கே.ஜி.எஃப்’ என்னும் கன்னடத் திரைப்படத்தின் காட்சிகள் பல இம்மேடுகளில் படமாக்கப்பட்டன. அப்படத்தின் நாயகன் ஒற்றை ஆளாக நின்று பெரும்படையை வீழ்த்துகிறான். முகமூடியும் மேலங்கியும் அணியவில்லை என்றாலும், அவன் படக்கதைகளில் வரும் ‘சூப்பர் ஹீரோ’ மரபைச் சேர்ந்தவனே.

சூப்பர் ஹீரோ என்பவர் மனித ஆற்றலை மிஞ்சிய வலிமை கொண்ட கற்பனை வீரர். அத்தகைய வீரருக்கு எந்த நிறமும் முகமும் தரப்பட்டன என்பதை உற்றுநோக்கினால், அவரைப் படைத்த காலம் யாரை வலிமையுடையவராகக் கருதியது என்பது விளங்கும்.

குடியேறியோர் படைத்த வீரன்

1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘சூப்பர்மேன்’ படக்கதை வெளிவந்தது. அதைப் படைத்த ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் ஆகிய இளைஞர் இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் படைத்த வீரனும் குடியேறியவனே. அவன் பிறந்த கோள் அழிந்தது. குழந்தையாக விண்கலத்தில் அனுப்பப்பட்டு, மண்ணுலகில் வேறொரு தாய்தந்தையரிடம் வளர்ந்தான். பிறந்த இடத்தில் ஒரு பெயர், வளர்ந்த இடத்தில் மற்றொரு பெயர் என இரண்டு பெயர்களை அவன் சுமந்தான். வீட்டில் ஒரு மொழியும் வெளியில் மற்றொரு மொழியும் பேசி வளரும் குழந்தைகளுக்கு இந்நிலை புதிதன்று.

1946 ஆம் ஆண்டில் ஒலிபரப்பான சூப்பர்மேன் வானொலித் தொடர் ஒன்றில், சீன வழிவந்த குடும்பத்தை அச்சுறுத்தும் இனவெறிக் கூட்டத்தை அவன் எதிர்த்துப் போராடினான். ஆயினும் ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. வேற்றுக்கோளிலிருந்து வந்த அவ்வீரனும் வெள்ளையராகவே வரையப்பட்டான். வீரன் என்றால் வெள்ளையன் என்பது அக்காலத்தில் எவரும் கேள்வி கேட்காத வழக்கமாக இருந்தது.

தலைவனும் துணைவனும்

லீ ஃபால்க் என்பவர் 1934 இல் ‘மாண்ட்ரேக்’ என்னும் மந்திரவாதியையும், 1936 இல் ‘ஃபாண்டம்’ என்னும் முகமூடி வீரனையும் படைத்தார். ஃபாண்டம் தமிழ் வாசகர்களுக்கு ‘மாயாவி’, ‘வேதாளர்’ என்னும் பெயர்களில் அறிமுகமானான். 1964 இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இவ்வீரனை இந்திய மொழிகளில் பரப்பியது. 1972 இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், ‘இரும்புக்கை மாயாவி’ முதலிய வெளிநாட்டு வீரர்களைத் தமிழ் பேச வைத்தது. பல வீடுகளில் குழந்தைகள் தமிழை விரும்பிப் படிக்க இவ்விதழ்கள் துணைபுரிந்தன.

இக்கதைகளின் சுவையை மறுக்க இயலாது. அவற்றின் குறையையும் மறைக்க இயலாது. ஃபாண்டம் காட்டில் வாழும் கருநிற மக்களைக் காப்பவன். அம்மக்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர்போலவும், அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வெள்ளையர் ஒருவரே காவலர்போலவும் கதை அமைந்தது. மாண்ட்ரேக்கின் துணைவன் லோதார் ஆப்பிரிக்க அரசகுலத்தவன், உடல்வலிமையில் ஈடற்றவன். எனினும் தொடக்கக் காலக் கதைகளில் சிறுத்தைத்தோல் உடுத்தி, சிதைந்த மொழி பேசும் ஏவலனாகவே அவன் வரையப்பட்டான். 1960களில் அவன் தோற்றமும் பேச்சும் திருத்தப்பட்டன. அப்போது அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தனர்.

நிறத்தைக்கொண்டு உயர்வு தாழ்வு காட்டும் வழக்கம் இந்தியப் படக்கதைகளிலும் இருந்தது. 1967 இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையில் வீரர் பலர் வெளிர்நிறத்திலும் அசுரர் பலர் கருநிறத்திலும் தீட்டப்பட்டதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

வகாண்டாவின் உலோகம்

1966 ஆம் ஆண்டில் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி ஆகியோர் ‘பிளாக் பேந்தர்’ என்னும் கறுப்பின வீரனைப் படைத்தனர். அவன் எவருக்கும் ஏவலன் அல்லன். வகாண்டா என்னும் கற்பனை ஆப்பிரிக்க நாட்டின் அரசன். அந்நாட்டு மண்ணில் வைப்ரேனியம் என்னும் அரிய உலோகம் கிடைக்கிறது. அதைக் கவர வரும் வெள்ளையனை எதிர்த்து வகாண்டா மக்கள் தம் உலோகத்தைத் தாமே காக்கின்றனர். அதைக்கொண்டு தம் அறிவியலையும் மருத்துவத்தையும் வளர்க்கின்றனர்.

2018 இல் ரையான் கூக்ளர் இயக்கத்தில் இக்கதை திரைப்படமாயிற்று. நடிகருள் மிகப்பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சிறந்த திரைப்படத்திற்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் சூப்பர் ஹீரோ படம் இதுவே. உடை வடிவமைப்பு, கலை இயக்கம், இசை ஆகியவற்றுக்காக மூன்று ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது.

எவராலும் அடிமைப்படுத்தப்படாத நாடு என்பது வகாண்டாவைப் பொறுத்தவரை கற்பனை. உலோகம் கிடைத்த மண்ணுக்கு அயலார் வந்து உரிமை கொண்டாடியதே பல நாடுகளின் வரலாறு. ஊரிகத்தின் வரலாறும் அத்தகையதே.

ஊரிகத்தின் பாறை

1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் தங்கவயலில் சுரங்கங்களை நடத்தியது. 1902 இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்குக் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் பாறை சுடும், காற்று குறையும், அழுத்தம் தாங்காத பாறை திடீரெனச் சிதறி உயிர்களைப் பறிக்கும். பாறைத்தூள் படிந்து நுரையீரல் கெட்டு நலிந்தோரும் பலர்.

அங்கு இறங்கி உழைத்தோருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழர். அவர்களிலும் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். உயர்ந்த பதவிகளில் ஐரோப்பியர் இருந்தனர்; அடுத்த நிலைகளில் ஆங்கிலோ இந்தியர் இருந்தனர். அதிகாரிகளுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும், தொழிலாளருக்கு வரிசையாக அமைந்த சிறு லைன் வீடுகளும் தரப்பட்டன. நிறமும் பிறப்புமே ஒருவர் நிற்கும் இடத்தைப் பெரிதும் வரையறுத்தன.

1930 ஆம் ஆண்டில் தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்யும் முறை கொண்டுவரப்பட்டது. குற்றவாளிகளைப்போலத் தம்மை நடத்துவதாகக் கருதிய தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முகமூடி அணிந்த வீரன் தன் அடையாளத்தை மறைப்பது கதை. உழைப்பவர் தம் மானத்தைக் காக்க ஒன்றுகூடி மறுத்து நின்றது வரலாறு.

1956 இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001 பிப்ரவரி 28 அன்று அவை மூடப்பட்டன. அதன்பின் வேலை தேடி நாள்தோறும் விடியற்காலைத் தொடர்வண்டியில் பெங்களூருக்குச் செல்வது பல குடும்பங்களின் வாழ்க்கையாயிற்று.

திரையில் தங்கவயல்

‘கே.ஜி.எஃப்’ படத்தில் சுரங்கத் தொழிலாளர் அடிமைகளாகக் காட்டப்படுகின்றனர். வெளியிலிருந்து வரும் ஒருவனே அவர்களை மீட்கிறான். அது கற்பனைக் கதை. அவ்வாறே அதைக் காண வேண்டும். அதனையே தங்கவயலின் வரலாறு என்று நம்புவோர், உரிமைக்காகத் தாமே போராடிய தொழிலாளரை மறந்துவிடுவர்.

2024 இல் பா. இரஞ்சித் இயக்கிய ‘தங்கலான்’ வேறொரு வழியை மேற்கொண்டது. நிலம் இழந்த வட ஆர்க்காட்டு உழவன் ஒருவன், ஆங்கிலேய அதிகாரியுடன் பொன் தேடிச் செல்வதே அதன் கதை. அதிலும் மாயமும் மந்திரமும் உண்டு. ஆனால் மண்ணைத் தோண்டுபவனே அதில் நாயகன். புழுதி படிந்த அவனது கரிய உடல் திரையின் நடுவில் நிற்கிறது. லோதார் நின்ற பின்வரிசையிலிருந்து அவன் முன்வரிசைக்கு வந்திருக்கிறான்.

படக்கதையைப் படிப்பதும் படம் பார்ப்பதும் மகிழ்ச்சி தருவன. அவற்றோடு சில வினாக்களையும் எழுப்பிப் பார்த்தல் நன்று. கதையில் தலைவர் யார், ஏவலர் யார்? பெயர் பெற்றவர் யார், கூட்டமாக மட்டும் காட்டப்படுபவர் யார்? மண்ணின் வளம் யாரிடம் சேர்கிறது? இவ்வாறு கேட்கப் பழகியவருக்குப் பொழுதுபோக்கும் ஒரு பாடமாகும். மேலங்கி இன்றி, விளக்குடன் பாறையின் ஆழத்தில் இறங்கி, தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய முன்னோரின் வலிமையும் அவருக்குத் தெளிவாகப் புலப்படும்.

சொற்பொருள்

ஏவலன் – கட்டளைப்படி பணி செய்பவன்
ஈடற்றவன் – ஒப்பில்லாதவன்
மானம் – தன்மதிப்பு
புலப்படும் – தெரியவரும்

வினாக்கள்

1. சூப்பர்மேனும் குடியேறியவனே என்று கூறப்படுவது ஏன்?
2. வகாண்டாவுக்கும் தங்கவயலுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.
3. 1930 இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தது எதற்காக?
4. உங்கள் வீட்டு முதியோரிடம் அவர்களோ அவர்களுடைய பெற்றோரோ செய்த தொழில் பற்றிக் கேட்டறிந்து, அவர்களை நாயகராகக்கொண்டு ஆறு கட்டங்களில் ஒரு படக்கதை வரைக.