மனத்தில் உள்ளதைச் சொல்லும் வித்தை

பாண்டிய மன்னன் தன் உள்ளத்தில் எழுந்த ஐயத்தை இன்னதென்று வெளியிடாமல், அதனைக் கருத்தறிந்து பாடித் தீர்ப்பவர்க்கு ஆயிரம் பொன் என்று சங்க மண்டபத்தின் முன் கிழியைத் தொங்கவிட்ட கதையை, தருமி என்னும் ஏழைக்கு இறைவன் பொற்கிழி அருளிய லீலையாக ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயம் ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறது. பிறர் மனத்தை அறிதல் இறைவனுக்கே உரிய ஆற்றல் என்று சொன்ன நம் நாட்டிலேதான், கண்ணைக் கட்டிப் போர்வைக்குள் படுத்த சிறுவன் ஒருவன், கூட்டத்தில் நிற்பவர் கையில் இருப்பது கடிகாரம் என்றும், அடுத்தவர் பையில் இருப்பது மூக்குக்கண்ணாடி என்றும் கூறக் கேட்டுத் திருவிழாக் கூட்டத்தினர் பிரமித்து நின்றிருக்கிறார்கள். சூட்சுமமெல்லாம் அச்சிறுவனிடம் செப்பிடு வித்தைக்காரர் கேட்கும் கேள்வியிலேயே இருக்கிறது. ‘சொல்லு’ என்றால் ஒரு பொருள், ‘பார்த்துச் சொல்லு’ என்றால் மற்றொன்று, ‘சட்டென்று சொல்லு’ என்றால் பிறிதொன்று என்று இருவரும் நெடுங்காலம் பழகி மனப்பாடம் செய்த சங்கேதம் அது; அந்தச் சிறுவனுடைய ஞாபகசக்தி மெய்யாகவே வணக்கத்துக்கு உரியது.

ஆனால் இத்தகைய சாமர்த்தியத்தைத் தெய்விக சித்தி என்று கூறி ஏழை எளியவரிடம் பொருள் பறிப்பது கொடுமை. அதனைப் பொறாதவர், திருவல்லாவில் 1898-இல் பிறந்து, இலங்கையில் தாவரவியல் போதித்த ஆபிரகாம் கோவூர். உறையிலிட்டு முத்திரை வைத்த கரன்சி நோட்டின் வரிசை எண்ணை ஞானதிருஷ்டியால் படித்துக் காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக அவர் அறைகூவினார். 1978-இல் அவர் காலமாகும் வரையில், அத்தொகையை வென்றவர் எவருமில்லை.