இரண்டு கிராமுக்குக் குறைந்த கம்மல்

ஐப்பசி மழை இறங்கினால் மரக்காணம் உப்பளத்தில் பாத்திகள் மூழ்கும், கூலி நிற்கும். அந்த மாதங்களில் பல வீடுகளில் காதுக் கம்மல் அடகுக்குப் போகும். வாங்கியபோது தெரியாத குறை அங்கேதான் வெளிப்படும். கல் எடையைக் கழிப்பார்கள், அரக்கைக் கழிப்பார்கள், உரசிப் பார்த்து மாற்று குறைவு என்பார்கள்.

தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூனில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாகி வருகிறது. ஆனால் 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு விலக்கு; ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் கடைக்கும் விலக்கு. உப்பு வாரிய கூலியில் வாங்கும் சின்னக் கம்மலுக்கு இதனால் காவல் இல்லாமல் போகிறது. இது அநியாயம். என்றாலும் முத்திரையுள்ள கம்மல்தான் வேண்டும் என்று கேட்க உங்களுக்குத் தடையில்லை. முத்திரைக் கட்டணம் நகைக்கு 45 ரூபாயும் வரியும்தான்.

முத்திரையில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோணம், 22 கேரட் என்றால் 916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு ஆகிய மூன்றும் இருக்கும். குறியீட்டை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள். கையில் கம்மல் இருக்க, செயலி மோதிரம் என்று காட்டினால் வாங்காதீர்கள். ‘கேடிஎம்’ என்பது பற்றவைப்பைச் சொல்லும் பெயர், தரச் சான்று அல்ல.

திருகாணியை நீங்களே கழற்றி மாட்டுங்கள். மரை இறுகப் பிடிக்க வேண்டும். இரண்டாம் சுற்றிலேயே வழுக்கினால், உப்புக் கூடையைத் தலையில் ஏற்றி இறக்கும்போது கம்மல் பாத்தியில் விழுந்துவிடும். சேற்றில் தேடி எடுக்க முடியாது. தண்டு தோட்டோடு சேருமிடத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது.

துண்டுச் சீட்டு வேண்டாம், பில் கேளுங்கள். தங்கத்தின் நிகர எடை, மாற்று, கல்லின் எடையும் விலையும், சேதாரம், செய்கூலி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். ஜிஎஸ்டியை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிப் பில்லைத் தவிர்க்கும் கடையில் வாங்கினால், பிறகு வழக்குக்கு ஆதாரம் இருக்காது.

சந்தேகம் வந்தால் ஹால்மார்க் மையத்தில் சோதிக்கலாம். நான்கு நகை வரை கட்டணம் 200 ரூபாய், வரி தனி. முத்திரையிட்ட நகையில் மாற்று குறைந்தால், குறைந்த மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தர வேண்டும். முத்திரை இல்லாத நகைக்கு, பில்லில் எழுதிய 916தான் உங்கள் சாட்சி. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.