கருக்கரிவாளும் சாதா அரிவாளும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் அறுவடை நெருங்குகையில் குடியானவர் முதலில் நாடுவது கொல்லன் பட்டறையையே ஆகும். அங்கே வாங்குவது வாய் மழமழப்பாயுள்ள சாதா அரிவாளா, பல் வெட்டிய கருக்கரிவாளா என்பதை விலையை மட்டும் கொண்டு தீர்மானிப்பது உசிதமன்று. பயிருக்குப் பயிர் தாளின் தன்மை வேறு; அதை அறுக்கும் விதமும் வேறு.

சாதா அரிவாள் கூரினாலும் வீச்சின் வேகத்தினாலும் வெட்டுவது. கருக்கரிவாளோ இழுப்பினால் அறுப்பது. அதன் பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்திருப்பதால், இடக்கையில் பிடித்த நெற்றாளை நழுவவிடாமல் கவ்வி அறுத்துவிடும். பனி ஈரமுள்ள காலை நேரத்தில் சாதா அரிவாள் வழுக்குமிடத்தும் இது எளிதில் வழுக்குவதில்லை. தாளை ஓங்கி வெட்டும்போது கதிர் அதிர்ந்து மணி உதிர்கிறது. நன்றாய் முற்றிய பயிரில் இச்சேதம் அதிகம். ஆகவே நெல், கேழ்வரகுத் தாள், மாட்டுப் புல் ஆகியவற்றுக்குக் கருக்கரிவாளே மேலானது. போபாலில் 1976-ல் நிறுவப்பட்ட மத்திய வேளாண் பொறியியல் நிலையம் அமைத்த 'நவீன்' அரிவாளும் கருக்கு வகையே. அதன் பிடி வளைவாக அமைந்திருப்பதால் விரல்கள் தரையில் உராய்வதில்லை.

மரவள்ளிக்கு வரும்போது நிலைமை நேர்மாறு. இவ்விரு ஜில்லாக்களின் ஜவ்வரிசி ஆலைகள் இப்பயிரையே நம்பி நிற்பவை; அவற்றின் கூட்டுறவுச் சங்கமாகிய சேகோசர்வ் 1981-ல் சேலத்தில் ஏற்பட்டது. சுமார் 15 செ.மீ. நீளமும் 8 முதல் 10 வரை கணுக்களும் உள்ள கரணையைத் தோல் கிழியாமல், முனை பிளவாமல் நறுக்க வேண்டும். பல்லால் அறுத்த முனை சிராய்ந்து, அதன் வழியே அழுகல் புகும். நடவிலேயே பழுது நேர்ந்தால் பின்னர் இடும் உரம் ஈடு செய்யாது. தென்னை, பனைகளில் பாளை சீவுவதற்கும் மெல்லிய சாதா வாயே வேண்டும். கரும்புக்கும் வேலிக் கிளுவைக்கும் கனத்த கொடுவாள் உண்டு; அங்கே கருக்குக்கு வேலையில்லை.

சேலம் இரும்புக்குப் பழம்பெயர் உண்டு. கஞ்சமலைத் தாதுவை எதிர்பார்த்து ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். இன்றைய பட்டறைகளுக்கு எளிதில் கிடைக்கும் நல்ல எஃகு, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையே. லாரித் தொழில் பெருத்த நாமக்கல்லில் அதற்குப் பஞ்சமில்லை. ஆயினும் தோய்ச்சல் தவறினால் நல்ல பட்டையும் வீணே. மிகக் கடினமாய்த் தோய்ந்த பல் கல்லில் பட்டால் உடையும். மென்மையாய் விட்டது இரண்டொரு நாளில் மடியும்.

கருக்கு ஒரு முகத்தில் மட்டுமே உளியால் வெட்டப்படுகிறது. தீட்டும்போது பல்லில்லாத மறுமுகத்தையே கல்லில் தேய்த்தல் வேண்டும். இதை அறியாது பல் முகத்தைச் சாணையில் கொடுத்துக் கருக்கரிவாளைக் கெடுப்பவர் பலர். பல் தேய்ந்துபோனால் மீண்டும் பட்டறைக்கே செல்ல வேண்டியதுதான். சாதா அரிவாளை வரப்பில் உட்கார்ந்தே தீட்டிக்கொள்ளலாம். ஆதலால் ஒன்றே வாங்கக்கூடியவர், பட்டறையும் தூரமாயிருப்பின், சாதா அரிவாளை வாங்குவது நலம். நெல் மிகுதியாயுள்ள பட்டாதாரர் அறுப்பாட்களுக்குக் கருக்கரிவாள் கொடுப்பதில் நஷ்டமில்லை. இடக்கைப் பழக்கமுள்ள ஆளுக்கு முகம் மாற்றி வெட்டிய அரிவாள் வேண்டுமென்பதைக் கொல்லரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

ஆபத்து வேளையிலும் கருக்கு கைகொடுக்கும். கழுத்துக் கயிறு இறுகிக் கால்நடை தவிக்கையில் நைலான் கயிற்றைப் பற்கள் விரைவில் அறுத்துவிடும். கழுத்தருகே வாயை நுழைக்காமல், முளைக்குச்சிப் பக்கமாக அறுத்தால் இழுப்பு விட்டுப்போம். ஆனால் கருக்குப் பட்ட விரற்காயம் ஒழுங்கற்றுக் கிழிவதால் அழுக்குத் தங்கி ஆறத் தாமதிக்கும். மண்ணையோ சாணத்தையோ அப்பாமல், சோப்பும் சுத்த நீரும் கொண்டு கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இரணஜன்னி ஊசி குறித்துக் கேட்டறிய வேண்டும்.